ஆகாயக் கப்பலுக்குக் கொட்டமுத்து எண்ணெய்

1918, காளயுக்தி வருஷம், ஆனி 4, திங்கள்

இன்று முதலாளி சடகோப செட்டியார் எங்கள் கொட்டகைக்கே வந்து நின்றார். அவர் பெண்கள் வேலை செய்யும் பக்கம் வருகிறவர் அல்ல. கொட்டமுத்து (பள்ளிப் புத்தகத்தில் ஆமணக்கு விதை) புடைத்துக்கொண்டிருந்த முறங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்தோம்.

"இன்னைக்கிருந்து நீங்க பொறுக்கற கொட்டமுத்து வெளக்குக்கும் வண்டி அச்சுக்கும் போறதில்ல. ஆகாயக் கப்பல் எஞ்சினுக்குப் போகுது. சீமைச் சண்டையில பறக்குற கப்பல். சர்க்கார் ஆர்டரு" என்றார்.

மாதி அக்காதான், "ஏனுங்க மொதலாளி, அந்த எஞ்சினுக்கு வவுறு சரியில்லீங்களா?" என்று கேட்டாள்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முதலாளிகூட மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது மிஷன் பள்ளி எலிசபெத் டீச்சரம்மா இந்த நோட்டைக் கொடுத்தார். எழுதாத கை எழுத்தை மறந்துவிடும், ஒரு வரியாவது எழுது என்றார். இத்தனை நாள் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கொட்டமுத்தில் உடைந்ததைப் பொறுக்கினேன், பொக்கைப் புடைத்தேன் என்று எத்தனை முறை எழுதுவது? இன்று எழுத இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் நான் பொறுக்கும் கொட்டை ஆகாயத்துக்குப் போகிறது.

எங்கள் கொட்டகைக்கு அம்மாதான் மேஸ்திரி. அங்கம்மா மேஸ்திரி என்றால் சேலத்து எண்ணெய் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் செக்கு ஆட்டும் குடும்பம். அப்பா காலமான பிறகு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இந்த ஆலைக்கு வந்தாள். அம்மாவின் குரல் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும். எனக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இங்கே எனக்கு ஊமச்சி என்று பெயர். பாவாயி என்று கூப்பிடுவது அம்மாவும் அண்ணனும்தான்.

செங்கோடன் அண்ணன் கடல் தாண்டி, சண்டை நடக்கிற பஸ்ராவில் இருக்கிறது. சண்டை போட அல்ல, மூட்டை தூக்க. மாதி அக்காவின் வீட்டுக்காரரும் அதே கப்பலில்தான் போனார்.

ஆனி 5, செவ்வாய்

கண் அரிப்பு. கொட்டமுத்துத் தூசி. வேறொன்றும் இல்லை.

ஆனி 12, செவ்வாய்

சந்தை நாள். உப்பு, மிளகாய், ஒரு கருப்பட்டி வாங்கினோம்.

கருப்பட்டி வீட்டுக்கு அல்ல. எள் ஆட்டும்போது செக்கில் கருப்பட்டி போடாமல் எங்கள் ஆட்கள் யாரும் ஆட்டமாட்டார்கள். போட்டால்தான் எண்ணெய் பிரியும், ருசியும் நிற்கும். கொட்டமுத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஆனாலும் அம்மா போடுகிறாள். காலையில் முதல் அமுக்குப் பையில் கொட்டமுத்தை நிரப்பிக் கட்டும்போது, மடியிலிருந்து ஒரு சில்லு எடுத்து நடுவில் செருகுவாள். பிறகு பை அமுக்கு யந்திரத்துக்குப் போகும். அங்கே இரும்புப் பலகை இறங்கி நசுக்கும்.

முதலில் வெறும் வழக்கத்துக்காகத்தான் செருகினாள். ஆகாயக் கப்பல் ஆர்டர் வந்த நாளிலிருந்து அம்மா அதை வேறு மாதிரிச் செய்கிறாள். சில்லைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

"இந்த எண்ணெ சண்டை நடக்கற சீமைக்குத்தானே போகுது? அங்கதானே அவன் இருக்கான். வாய் இனிக்கப் போவட்டும்" என்றாள்.

அண்ணனுக்குக் கருப்பட்டி என்றால் உயிர். சின்ன வயதில் செக்கடியில் நின்று, மாடு சுற்றி வருவதற்குள் கையை விட்டு எடுத்துத் தின்றுவிடும். ஒருமுறை விரல் நசுங்கியது. நசுங்கிய விரலையும் சப்பிக்கொண்டு நின்றது.

ஆனி 19, செவ்வாய்

தபால்காரர் ஆலை வாசலுக்கு வந்தார். பஸ்ராவிலிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது, மாதி என்று மட்டும் எழுதியிருக்கிறது, எந்த மாதி, புருஷன் பெயர் என்ன என்றார். மாதி அக்கா புருஷன் பெயரைச் சொல்லுவாளா? முகத்தை மூடிக்கொண்டு, "ஏய், நீ சொல்லுடி" என்று என்னை முன்னால் தள்ளினாள். எனக்கு வையாபுரி என்று நன்றாகத் தெரியும். வாசலில் வண்டிக்காரர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

தபால்காரர், "பேர் தெரிஞ்சவங்க யாராச்சும் ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிக் கார்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அம்மாதான் மாதி அக்காவோடு தபாலாபீசுக்குப் போய் வாங்கிக்கொடுத்தாள்.

மாதி அக்கா என்னைத் திட்டவில்லை. "ஊமச்சிய நம்பிப் போனேன் பாரு" என்று சிரித்தாள். திட்டியிருக்கலாம்.

எங்களுக்குக் கார்டு இல்லை. அண்ணனுக்கு வேலை அதிகமாக இருக்கும்.

சந்தையில் இரண்டு கருப்பட்டி.

ஆனி 26, செவ்வாய்

மதராஸிலிருந்து டின்கள் திரும்பி வந்துவிட்டன. எல்லாம் அல்ல, சில. முதலாளி தரகரை அனுப்பாமல் தானே கொட்டகைக்கு வந்தார். இந்த முறை யாரும் ஜோக்கு சொல்லவில்லை.

"ஒரே ஆலை, ஒரே கொட்டமுத்து, ஒரே நாள்ல புழிஞ்ச எண்ணெ. ஒரு டின்னு தண்ணி மாதிரித் தெளிவா இருக்குங்கறான். பக்கத்து டின்னுல அடியில பழுப்பா மண்டி நிக்குதுங்கறான். எப்பிடி மேஸ்திரி?"

"என் பொண்ணுங்க பொறுக்குனதுல குத்தம் கிடையாதுங்க" என்றாள் அம்மா. "வடிகட்டறவனக் கேளுங்க."

"கேட்டாச்சு. அவன் உங்களக் கேக்கச் சொல்றான்."

அம்மா ஒரு மூட்டையை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். ஒரு உடைசல் இல்லை. ஒரு கல் இல்லை. எங்கள் கொட்டகையில் கொட்டமுத்து அப்படித்தான் இருக்கும், பட்டைதீட்டின மாதிரி. முதலாளி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை. கப்பல் தாமதம் என்கிறார்கள். இன்று சந்தையில் மூன்று.

ஆனி 31, ஞாயிறு

முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார். திரும்பி வந்த அம்மா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஒரு துரை வருகிறாராம். கூடவே நிஜ எஞ்சின் ஒன்று ரயிலில் வருகிறதாம். ஆலை ஆலையாகப் போய் அந்தந்த எண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்ப்பார்களாம். நம் எண்ணெயில் எஞ்சின் திணறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். ஆர்டர் போனால் எங்கள் கொட்டகையை மூடிவிட்டு, பழையபடி பொறுக்காத கொட்டையை அப்படியே பிழிவாராம். பொறுக்குகிற பெண்கள் தேவையில்லை.

"தொண்ணூறு பொம்பளைங்க" என்றாள் அம்மா.

ஆடி 2, புதன்

எஞ்சினைப் பார்த்தேன்!

இரண்டு மாட்டுவண்டிகளை ஒன்றாகக் கட்டி ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆலை முற்றத்துப் புளியமரத்தடியில், மண்மூட்டை அடுக்கிய மரச்சட்டத்தில் இறுக்கி நிறுத்தினார்கள். அது இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை மட்டும் எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. நடுவில் குடம், சுற்றி ஒன்பது சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வளையங்கள் வரிவரியாக, மரவட்டை உடம்பு போல. அவ்வளவு அழகான ஒன்றை மனிதர்கள் செய்தார்கள் என்று நம்பவே முடியவில்லை.

துரை பெயர் பார்லோ. ஒல்லியாக, இடதுகை கொஞ்சம் வளைந்து இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. அது எனக்குப் பிடித்தது. பேசுவதெல்லாம் கூட வந்த, எஞ்சினைக் கழற்றி மாட்டும் பிட்டர் சாலமோன். மதராஸ்காரர், என் வயதில் மகள் இருக்கிறாளாம். மதியக் கஞ்சி நேரத்தில் எங்களையெல்லாம் சுற்றி நிற்கவைத்து விளக்கினார்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறீங்க? கடிக்காது. மத்த எஞ்சினெல்லாம் உடம்பு நிக்கும், உள்ள தண்டு சுத்தும். இது அப்படி இல்ல. தண்டு நிக்கும், உடம்பே சுத்தும். இந்த ஒம்பது சிலிண்டரும், முன்னால இருக்கற காத்தாடியும் ஒண்ணாச் சுத்தும்."

"தலை சுத்தாதா அதுக்கு?" என்றாள் மாதி அக்கா.

"அதுக்குத்தான் உங்க எண்ணெ. ஊத்த ஊத்தக் குடிச்சிட்டு வெளிய துப்பிக்கினே இருக்கும். ஊத்தறத நிறுத்தினா செத்துப்போயிடும். வேற எண்ணெயெல்லாம் பெட்ரோலோட கரைஞ்சு போயிடுது. இது மட்டும் கரையாது. புடிவாதம் புடிச்ச எண்ணெ."

"துப்புற எண்ணெ எங்க போவும்?"

"பின்னால உக்காந்து ஓட்டறான் பாரு, அவன் மூஞ்சில. மூக்குல, வாயில, எல்லாம். ரெண்டு மணி நேரம் பறந்தான்னா..." என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, ஆகாசத்துல ஏது கொல்லை!" என்று மாதி அக்கா கத்த, தொண்ணூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். துரை என்ன என்று கேட்டார். சாலமோன் இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் சிவந்தது. பிறகு அவரும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அவரே பறந்தவராம். கை அப்படித்தான் வளைந்ததாம்.

ஆனால் எனக்குள் தங்கியது வேறு. இந்த எஞ்சின் ஒன்று இரண்டு அல்ல, ஆயிரம் ஆயிரமாகச் செய்கிறார்களாம். செய்வது முக்கால்வாசி பெண்பிள்ளைகளாம், என் வயதுப் பெண்கள்! ஒருத்தி நாள் முழுக்கத் திருகு மட்டும் கடைவாள். ஒருத்தி வால்வு மட்டும்.

"ஒருத்தி செஞ்ச வால்வு, முகமே பார்க்காத இன்னொருத்தி செஞ்ச சிலிண்டர்ல கச்சிதமா உக்காரணும். எத எடுத்து எதுல போட்டாலும் சேரணும். அதான் இதுல வித்தை. ஒருத்தி, 'என்னுது கொஞ்சம் ஒசத்தியா இருக்கட்டும்'னு ஒரு மயிரிழை கூட வெச்சாளோ, போச்சு" என்றார் சாலமோன்.

"ஒரே மாதிரி ஊத்தறதுக்கு நாங்க என்ன இட்லித் தட்டா?" என்றாள் அம்மா.

சாலமோன் கும்பிட்டார். "இட்லித் தட்டாத்தான் இருக்கணும் மேஸ்திரியம்மா. உங்க டின்னு ஒவ்வொண்ணும் அடுத்த டின்னு மாதிரியே இருக்கணும்."

சீமையில் என் வயதுப் பெண் ஒருத்தி திருகிய திருகுக்குள், நான் பொறுக்கிய கொட்டையின் எண்ணெய் ஓடப்போகிறது. அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாது. நான் இன்று இரண்டு பங்கு வேலை செய்தேன்.

ஆடி 3, வியாழன்

சாலமோன் ஒரு சின்னக் குழாயைப் பிளந்து காட்டினார். மதராஸில் நம் டின்னில் ஒன்றை ஊற்றி ஓட்டியபோது அடைத்துக்கொண்ட குழாய். உள்ளே கறுப்பாக, கெட்டியாக, பிசின் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

"எண்ணெ வர்ற வழி அடைச்சுக்கிச்சு. கீழ நின்னு ஓடறப்பவே எஞ்சின் இறுகிப் போச்சு. மேல பறக்கறப்ப ஆயிருந்தா ஒரு உசுரு. இது இன்னான்னு யாருக்காச்சும் தெரியுதா? மோந்து பாருங்க."

கைமாற்றி மோந்தார்கள். விளக்கெண்ணெய் என்றாள் ஒருத்தி. தார் என்றாள் இன்னொருத்தி. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "வடிதுணி கருகுன நாத்தம்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

போன பொங்கலுக்கு நான் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன பாகு. அதே வாசனை.

"உனக்கு ஏதாச்சும் தெரியுதா பாப்பா?" என்றார் சாலமோன்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஆடி 4, வெள்ளி

வீடு மெழுகினேன். அம்மாவின் சேலை இரண்டு, என் பாவாடை துவைத்தேன். புளி கொட்டை எடுத்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

ஆடி 6, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்து மூன்று முறை நின்றுவிட்டேன். கடைசியில், "அம்மா, அந்தக் குழாயில இருந்தது கருப்பட்டி" என்றேன்.

துடுப்பு நிற்கவில்லை.

"கருப்பட்டி எதைடி கெடுத்திருக்கு? நல்லெண்ணெயக் கெடுத்துச்சா? உங்க தாத்தன் அறுவது வருஷம் ஆட்டுனாரு."

"இது எள்ளு இல்லம்மா. அது எஞ்சினு. சூட்டுல பாகாயி..."

"முத பைக்கு மட்டும்தானே போடறேன். நூறு பையில ஒரு பை."

"அந்த ஒரு பை எண்ணெதான் முத டின்னுல நிக்குது. அதனாலதான் ஒரு டின்னு நல்லா இருக்குது, ஒரு டின்னு..."

"பாவாயி." அம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சீமைக்கு இங்கிருந்து போறது இந்த எண்ணெ ஒண்ணுதான். நான் கார்டு எழுதறவளா? படிக்கறவளா? எனக்கு இருக்கறது இதுதான். இதையும் வேண்டாங்கறியா?"

நான் கார்டு எழுதத் தெரிந்தவள். நான்தான் எழுதுகிறேன், மாதம் இரண்டு. எதற்கும் பதில் வரவில்லை. அண்ணனுக்கு வேலை அதிகமாக இருக்கும்.

கூழ் அடிப்பிடித்துவிட்டது. அம்மாவுக்குக் கூழ் அடிப்பிடித்து நான் பார்த்ததே இல்லை.

ஆடி 8, செவ்வாய்

பரீட்சைக்கான எண்ணெயை இன்று பிழிந்தார்கள். துரை நாளை எந்த டின்னை வேண்டுமானாலும் கைவைத்து எடுப்பாராம். அந்த டின்தான் எஞ்சினுக்கு.

அம்மா முதல் பையைக் கட்டும்போது நான் எதிரில்தான் இருந்தேன். சில்லு அல்ல. ஒரு முழுக் கருப்பட்டி. என்னைப் பார்த்துக்கொண்டே செருகினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட இல்லை.

ஆடி 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முற்றத்தில் டின்களை மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முதலாளி பட்டுக்கரை வேட்டியில் நின்றார். அமுக்கு யந்திரத்து ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், சுவரின் மேல் செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைகள். அடைபட்ட குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போட்டு, சாலமோன் எஞ்சினைத் துடைத்து வைத்திருந்தார். வெயிலில் தங்க நகை மாதிரி இருந்தது.

துரை வரிசையோடு நடந்தார். கடைசி வரிசையில் ஒரு டின்னைத் தட்டினார். நான் மூச்சு விட்டேன். பிறகு மனசு மாறித் திரும்பி வந்தார். முதல் வரிசை, முதல் டின். அதன் மேல் கையை வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலமோன் டின்னைத் தூக்கினார். மூடியைக் குத்தித் திறந்தார். புனலை வைத்தார்.

"அந்த டின்னு வேண்டாங்க."

யார் பேசினார்கள் என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன், குரல் அவ்வளவு புதிதாக இருந்தது. சாலமோனின் கை நின்றது.

"இன்னா பாப்பா?"

"அது வேண்டாங்க. அதுல..." எல்லோரும் பார்த்தார்கள். சுவர்மேல் ஒரு பையன், "ஊமச்சி பேசுதுடா!" என்று கத்தினான். "அது இனிக்குங்க. அடுப்புல வெச்சுப் பாருங்க."

முதலாளி, "யார்ரா இந்தப் பொண்ண..." என்று ஆரம்பித்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார்.

அடியில் தேங்கிய மண்டியை ஒரு கரண்டியில் எடுத்து, சாலமோன் கரி அடுப்பின் மேல் பிடித்தார். முதலில் புகை. பிறகு நுரை. பிறகு கரண்டியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. முற்றம் முழுக்கக் கருகிய பாகு வாசனை. யாரும் மோந்து பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது.

"யார் போட்டது?" என்றார் முதலாளி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பேச வந்த வார்த்தையெல்லாம் முடிந்துவிட்டது.

"நான்தான்" என்றாள் அம்மா. அவள் குரல் வழக்கம்போல முற்றத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. "எம் பையன் பஸ்ராவுக்குப் போயிருக்கான். மாசம் அஞ்சாச்சு, ஒரு சேதி இல்ல. எண்ணெயாச்சும் இனிப்பாப் போய்ச் சேரட்டும்னு போட்டேன். எஞ்சின் சாகும்னு தெரியாது. அவ சொன்னா. நான் நம்பல."

சாலமோன் துரையிடம் சொன்னார். நிறைய நேரம் சொன்னார். துரை தொப்பியை எடுத்துவிட்டு, வளைந்த கையால் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"உங்க பையன் பேரு இன்னான்னு கேக்கறார்" என்றார் சாலமோன்.

"செங்கோடன்."

துரை அதைச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வரை இருப்பாராம். அத்தனை எண்ணெயையும் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து பொறுக்கி, முதலிலிருந்து பிழிந்து கொடுக்க வேண்டும். வெள்ளியன்று எஞ்சின் திணறினால் ஆர்டர் இல்லை.

முதலாளி, அம்மா இனிக் கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சந்து முனையில் சேறு இருந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு தாண்டிய பிறகும் விடவில்லை.

ஆடி 10, வியாழன்

நான் மட்டும் வேலைக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைக் காட்டிக்கொடுத்ததற்கு என்னைத்தான் ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மாதி அக்கா முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேஸ்திரி இல்லாம நாங்க ஒரு கொட்டையும் தொட மாட்டோமுங்க. நாளைக்கு எஞ்சின் ஓடணுமா வேண்டாமா, நீங்களே ரோசிச்சுக்கோங்க."

"அந்தம்மா மறுபடியும் போட்டுட்டா?"

"அதான் ஊமச்சி இருக்குதே. கத்தீரும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று முந்தானையை உதறிக் காட்டினாள், மடியில் ஒன்றும் இல்லை என்று. யாரும் கேட்கவில்லை. பிறகு கத்த ஆரம்பித்தாள். அய்யோ, என்ன கத்தல்! வடிதுணியை மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தோம். பழைய பைகளை எல்லாம் தூக்கிப்போட்டுப் புதிது எடுத்தோம். யந்திரத்துப் பலகைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். கொட்டமுத்தை முறத்தில் பரப்பி, ஒருத்தி பொறுக்கியதை அடுத்தவள் பொறுக்கி, அதை மூன்றாமவள் பார்த்தாள். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

முதல் பை கட்டும் நேரம் வந்தது. அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ கட்டு" என்றாள் என்னிடம்.

கட்டினேன். இதுவரை முதல் பையை அம்மாவைத் தவிர யாரும் கட்டியதில்லை.

ஆடி 11, வெள்ளி

ஓடியது! ஓடியது! ஓடியது!

துரை ஒரு டின்னைத் தொட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு என்னைக் காட்டினார். நீயே எடு என்று அர்த்தமாம். நான் டின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "எது எடுத்தாலும் ஒண்ணுதாண்டி, எடு!" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன்.

சாலமோன் எண்ணெயை ஊற்றினார். கண்ணாடி மாதிரி இறங்கியது. ஆட்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, காத்தாடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். இருமியது. இன்னொரு இழுப்பு. மறுபடியும் இருமல். மூன்றாவதில் வெள்ளைப் புகை குபீரென்று வந்தது, அதற்குப் பிறகு ஒன்பது சிலிண்டரும் கண்ணுக்கே தெரியவில்லை. வெறும் வட்டம். பொன் நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் நடுங்கும் குடம். புளியமரம் இலையெல்லாம் கொட்டியது. ஆலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சுவர்மேல் இருந்த பிள்ளைகள் உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதி விழுந்தார்கள்.

பிறகு எண்ணெய் தெறித்தது. சாலமோன் சொன்னபடியே, குடித்துக் குடித்துத் துப்பியது. முதலாளியின் பட்டுக்கரை வேட்டியில், துரையின் காக்கிச் சட்டையில், எங்கள் எல்லோர் முகத்திலும் பொடிப்பொடியாக. இளஞ்சூடாக இருந்தது. யாரும் விலகவில்லை. நான் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். இனிக்கவில்லை. வெறும் விளக்கெண்ணெய். சுத்தமான, மண்டியில்லாத, பிடிவாதக்கார எண்ணெய்.

துரை நிறுத்தச் சொல்லும்வரை அது ஒருமுறைகூடத் திணறவில்லை. நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சாலமோன் குழாயைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் நீட்டினார். மறுபக்கம் வானம் தெரிந்தது. ஒவ்வொருத்தியாக வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தோம், கண்காட்சியில் பார்க்கிற மாதிரி.

சாலமோன் அம்மாவிடம் வந்தார். "மேஸ்திரியம்மா, வூட்ல மிச்சம் கருப்பட்டி இருக்கா?"

அம்மா முறைத்தாள்.

"எஞ்சினுக்கு இல்ல. எனக்கு. மூணு நாளா இதோட மல்லாடி ஈரக்குலை வறண்டு கெடக்கு."

அம்மா என்னை ஓடச் சொன்னாள். பானையில் இருந்த கருப்பட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். அம்மா உடைத்து உடைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். சாலமோனுக்கு, யந்திரத்து ஆண்களுக்கு, பெண்களுக்கு, சுவரிலிருந்து விழுந்த பிள்ளைகளுக்கு. துரைக்கும் ஒரு துண்டு. அவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றார். அம்மா அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கும்வரை பார்த்தாள்.

எங்கள் ஆலைக்குத்தான் ஆர்டர். கொட்டகைக்கு இன்னும் இருபது பெண்கள் வேண்டுமாம்.

ஆடி 14, திங்கள்

எஞ்சின் சனிக்கிழமையே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. புளியமரத்தடியில் எண்ணெய் வட்டம் மட்டும் இருக்கிறது. நாய் நக்குகிறது. நாளைக்கு அதற்கு இருக்கிறது.

காலையில் முதல் பையை நிரப்பி என் முன்னால் வைத்தாள் அம்மா. நான் கயிற்றை எடுத்தேன்.

"ஒண்ணும் போடலியே?" என்றாள்.

"ஒண்ணும் போடலம்மா."

அம்மா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவன் பேரையாச்சும் சொல்லிக் கட்டு. பேரு குழாயை அடைக்காதில்ல?" என்றாள்.

நான் முடிச்சைப் போட்டேன். "செங்கோடன்" என்றேன்.

"எனக்கே கேக்கல."

"செங்கோடன்!"

கொட்டகையில் முறங்கள் நின்றன. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாரோ சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

மாதி அக்கா எழுந்து வந்தாள். அவள் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை. அடுத்த பையை என் பக்கம் தள்ளினாள்.

"எங்க வூட்டு ஆளு பேரையும் சொல்லேண்டி. நான் சொல்லக்கூடாதே."

சொன்னேன். வையாபுரி. வாசல் வண்டிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

அதற்குள் இன்னும் நான்கைந்து பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சண்டைச் சீமைக்குப் போன புருஷன் பெயரைத் தாங்களே சொல்ல முடியாமல், ஒவ்வொருத்தியும் குனிந்து என் காதில், எந்தச் சாமி பெயர், அதே பெயர் ஊரில் வேறு யாருக்கு என்று ஜாடையாகச் சொன்னாள். நான் கண்டுபிடித்து, ஒவ்வொரு பையாகக் கட்டி, ஒவ்வொரு பெயராகக் கத்தினேன். மாரப்பன். பெரியதம்பி. காத்தவராயன். சந்தோஷ நாதன்.

இன்று பிழிந்த எண்ணெயில் ஒரு துளி மண்டி இல்லை. தொண்டைதான் கட்டிக்கொண்டது. நாளைக்குச் சரியாகிவிட வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வருகிறாள். அவள் தம்பியும் போயிருக்கிறானாம்.